முழுங்கி மாஸ்டரின் இங்கிலீஷ்

எங்கள் விருத்தாசலத்துக்கு விருத்தகாசி என்று இன்னொரு பெயர் உண்டு. புண்ணியத்தில் காசிக்கு வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு, கூட என்று நாங்கள் பெருமையடித்துக்கொள்வோம். அந்தக் கணக்கில் பார்த்தால் முழுங்கி மாஸ்டரின் இங்கிலீஷ் லண்டனுக்கு வீசம் கூட. லண்டன்காரன் ஒரு வாக்கியத்தில் இரண்டு எழுத்தை விழுங்கினால் இவர் வாக்கியத்தையே விழுங்கிவிடுவார். மிச்சமாக வெளியே வருவது கொஞ்சம் காற்று, கொஞ்சம் முனகல், கடைசியில் ஒரு சின்ன ஏப்பம். சுதந்திரத்துக்குப் பிறகு இங்கிலீஷ்காரனை இவ்வளவு விடாப்பிடியாகப் பழிவாங்கிய தனி மனிதர் வேறு யாரும் இல்லை என்பது என் தாழ்மையான கருத்து.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அதை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஊருக்கு அவர் முழுங்கி மாஸ்டர். அந்தப் பட்டப்பெயர் அவர் காதுக்கும் போயிருந்தது. கோபப்படுவார் என்று பார்த்தால், மீசையை நீவிக்கொண்டு, "முழுங்கத் தெரிஞ்சவனுக்குத்தான்யா இங்கிலீஷு. மென்னு மென்னு துப்பறவனுக்கு அது வராது" என்பார்.

பீங்கான் தொழிற்பேட்டை வாசலில் ஒரு டீக்கடை. அதற்கு மேல் மாடியில் அவருடைய வகுப்பு. 'வேக இங்கிலீஷ் பயிற்சி மையம், மூச்சு விடாமல் பேசலாம்' என்று போர்டு. எதிர்ச் சாரியில் அகல்விளக்கும் கரண்ட் ஃப்யூஸ் கட்டையும் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் நான் வேலை பார்க்கிறேன். சரக்கை எண்ணிப் பெட்டி போட்டு லாரி ஏற்றிவிடுகிற பிரிவு. ஒருநாள் எங்கள் முதலாளிக்கு ஏற்றுமதி ஆசை வந்தது.

"நம்ம அகல்விளக்கு வெளிநாட்டுக்குப் போவணும்மா. அதுக்கு நீ இங்கிலீஷு பேசணும்" என்றார்.

அகல்விளக்கு போவதற்கு நான் ஏன் பேச வேண்டும் என்று கேட்கிற இடத்தில் நான் இல்லை. சாயங்காலம் வேலை முடிந்ததும் டீக்கடைப் படியேறினேன்.

நான் தமிழ் மீடியத்தில் படித்தவள். எங்கள் இங்கிலீஷ் டீச்சர் ஒவ்வொரு எழுத்துக்கும் பாய் விரித்து உட்கார வைத்து மரியாதை செய்யச் சொல்லிக்கொடுத்தவர். முதல் நாள் மாஸ்டர் என்னை ஏதாவது கேள்வி கேட்கச் சொன்னார். நான் எழுந்து நின்று, "வாட்... ஆர்... யூ... கோயிங்... டு... டூ?" என்றேன்.

மாஸ்டர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"ஏம்மா, இது இங்கிலீஷா, ரேஷன் கடை க்யூவா? ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக் கார்டைப் புடிச்சிக்கினு நிக்குது! சேத்துச் சொல்லும்மா. வாச்சகொனடூ! அவ்ளோதான். வாச்சகொனடூ."

"அதுல 'கோயிங்' எங்க சார்?"

"முழுங்கியாச்சு."

"'ஆர்'?"

"அதையும்தான்."

"ஏன் சார் முழுங்கணும்?"

இந்தக் கேள்விக்காகவே அவர் காத்திருந்தார் போலிருக்கிறது. எழுந்து ஜன்னல் பக்கம் போய் எதிரே தெரிந்த சூளைப் புகைபோக்கியைக் காட்டினார்.

"நீ சூளைக்குப் பக்கத்துல வேலை பாக்கறவதானே? பச்சையில அகல் எவ்ளோ பெருசு இருக்குது? சுட்டு எடுத்தா எவ்ளோ இருக்குது? சுருங்குதா இல்லியா? புஸ்தகத்துல இருக்கறது பச்சை மண்ணும்மா. வாயிதான் சூளை. வெளிய வர்றப்ப சுருங்கித்தான் வரணும். சுருங்கலன்னா வேகலன்னு அர்த்தம்."

வேறு எந்த ஊரிலாவது இப்படிச் சொன்னால் ஆதாரம் எங்கே என்று கேட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது மண். சூளையில் வைத்தால் சுருங்கும் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் வேதவாக்கு கிடையாது. வகுப்பு மொத்தமும் தலையாட்டியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் ஆட்டினேன்.

ஆனால் மண்ணில் புழங்குகிறவர்களிடம் சுருக்கத்தைப் பற்றி யோசிக்காமல் பேசக் கூடாது. பொருள் சுருங்கும் என்றால் அச்சு பெரிதாக இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே மாணவர்கள் வாக்கியங்களைப் பெரிதாகச் செய்ய ஆரம்பித்தார்கள். கம்மாபுரத்திலிருந்து ராஜவேலு என்று ஒருவன் வந்துகொண்டிருந்தான். சென்னையில் ஒரு ஓட்டலில் வரவேற்பாளர் வேலைக்கு இன்டர்வியூ. உன்னைப் பற்றிச் சொல் என்று கேட்பார்கள் அல்லவா, அதற்கு அவன் தயாரித்த பதில் அவனுடைய முப்பாட்டனிலிருந்து தொடங்கியது. நிலம் இருந்தது, சுரங்கம் வந்தது, நிலம் போனது, வேறு ஊருக்குக் குடிபோனது, இவன் பிறந்தது, அம்மை போட்டது, பிளஸ் டூவில் கணக்கில் தேறியது எல்லாம் அதில் உண்டு.

"இவ்ளோ நீட்டா இருக்குதே ராஜவேலு?" என்றேன்.

"சுட்டா சரியாப் பூடும்க்கா" என்றான் நம்பிக்கையாக.

அவன் சென்னைக்குப் போய், குளிர்சாதன அறையில் மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து, முப்பாட்டனிலிருந்து பிளஸ் டூ வரைக்கும் ஒரே மூச்சில் விழுங்கித் தள்ளியிருக்கிறான். அவர்கள் மரியாதை தெரிந்தவர்கள், முடிகிற வரைக்கும் காத்திருந்தார்கள். பிறகு நடுவில் இருந்தவர் தமிழில், "தம்பி, பல் வலியா? முதல்ல டாக்டரைப் பாருங்க. இன்னொரு நாள் வாங்க" என்று தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார். இதைக் கேட்ட மாஸ்டர் கொஞ்சமும் கலங்கவில்லை. "அந்த மூணு பேருக்கும் காது வேகலடா" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்.

அவருடைய மேஜையில் எப்போதும் ஒரு பீங்கான் கப்பும் ஒரு ஸ்பூனும் இருக்கும். தொழிற்பேட்டையில் கோணலாகப் போய்க் கழித்துப் போட்ட கப்புகளை வாரத்துக்கு ஒரு கூடை வாங்கி வைத்துக்கொள்வார். கப்பை ஸ்பூனால் ஒரு தட்டு, கொஞ்சம் விட்டு இன்னொரு தட்டு. வாக்கியத்தில் முக்கியமான வார்த்தைகள் அந்தத் தட்டுகளில் விழ வேண்டும். நடுவில் இருக்கும் சில்லறை வார்த்தைகள் எத்தனை இருந்தாலும் அந்த இடைவெளிக்குள் அடங்க வேண்டும்.

"ரெண்டு வார்த்தையா இருந்தாலும் அதே நேரம்தான், ஏழு வார்த்தையா இருந்தாலும் அதே நேரம்தான். எடம் பத்தலன்னா நசுக்கு! மங்கலம்பேட்டை பஸ்ஸுல சந்தை அன்னிக்கு ஏத்தற மாதிரி ஏத்து! படியில தொங்கட்டும், பரவால்ல!"

உற்சாகம் ஏற ஏறத் தட்டு பலமாகும். கப் உடையும். கீழே டீக்கடையில் மேல்தளத்துச் சுண்ணாம்பு உதிர்ந்து பாலில் விழும். கடைக்காரர் கரண்டியோடு மேலே வந்து சத்தம் போடுவார். மாஸ்டர் அவருக்கும் ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுவார்.

டீக்கடைக்காரர் வகுப்பை விரட்டாமல் வைத்திருந்ததற்குக் காரணம் போண்டா. பேசும்போது வாயில் ஏதாவது இருந்தால்தான் இங்கிலீஷ் சரியாக வரும் என்பது மாஸ்டரின் இரண்டாவது கண்டுபிடிப்பு. ஒவ்வொருவரும் அரை போண்டாவைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் பாடம் ஒப்பிக்க வேண்டும்.

"அமெரிக்கா டாக்டருங்க எல்லாரும் இப்பிடித்தான் பேசுவாங்க. வருஷக்கணக்கா அவங்களோட இருந்தவன் நானு" என்று அடித்துச் சொல்வார். மனிதர் செங்கல்பட்டைத் தாண்டியிருப்பார் என்றே நாங்கள் யாரும் நம்பவில்லை. அமெரிக்க டாக்டராம், கூடவே இருந்தாராம். ஆனாலும் போண்டா விற்றது. டீக்கடையில் 'ஸ்பெஷல் இங்கிலீஷ் போண்டா' என்று சிலேட்டில் எழுதி வைத்தார்கள்.

ஜங்ஷனில் ரயில் அறிவிப்பு செய்கிற பதிவுக் குரலோடு அவருக்குப் பெரிய பகை. அந்தப் பெண் ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகச் சொல்வது அவருக்குப் பொறுக்காது. ஒருநாள் திருச்சிக்குப் போகப் பிளாட்பாரத்தில் நின்றவர், பக்கத்திலிருந்த ஒரு குடும்பத்துக்கு அந்த அறிவிப்பை எப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தார். குடும்பம் பாதியில் ரயிலேறிவிட்டது. அவர்கள் சாமானோடு அவர் பெட்டியும் ஏறிவிட்டது. அவர் மட்டும் கடைசி வார்த்தையை விழுங்கிவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது ரயில் பாலத்தில் போய்க்கொண்டிருந்தது. "இந்தப் பொண்ணு ஒழுங்காச் சொல்லியிருந்தா நான் ஏறியிருப்பேன்" என்று பழியை அந்தக் குரல் மேலேயே போட்டார்.

இதெல்லாம் போகட்டும். ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவுக்கு இவரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். பிள்ளை வாய் தவறி 'அம்மா' என்றால் அபராதம் போடுகிற ரகப் பள்ளிக்கூடம். வகுப்போடு நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். ஒரு டீ ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. ஒரு வார்த்தைகூட யாருக்கும் அகப்படவில்லை. பந்தலே அதிர்கிற மாதிரிக் கைதட்டினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தகப்பனார் கண் கலங்கிப்போய், "நம்ம புள்ளையும் இப்பிடிப் பேசணுங்க" என்றார்.

"என்னா பேசினாருங்க?" என்று கேட்டேன்.

"அது யாருக்குங்க தெரியும்? இங்கிலீஷாச்சே!"

புரிந்துவிட்டால் அப்புறம் எதற்குப் பணம் கட்டிப் படிக்க வைக்கிறோம் என்பது எங்கள் ஊர்ப் பெற்றோரின் நியாயம். மாஸ்டர் செய்த ஒரே புண்ணியம், அந்த நியாயத்தைக் கடைசி எல்லை வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தியதுதான்.

எனக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. மைசூர் போண்டா எனக்கு நெஞ்சைக் கரிக்கும். ஒருநாள் வாயில் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மாஸ்டர் ஸ்பூனைக் கீழே போட்டார்.

"உன் இங்கிலீஷு ஏழு ஜென்மத்துக்கும் பச்சை மண்ணுதாம்மா. வேகவே வேகாது."

"பச்சை மண்ணா இருந்தாலும் நாலு பேருக்குப் புரியுது சார். உங்களுது வெந்து வெந்து சாம்பலாப் போச்சு."

அதோடு படி இறங்கினேன். அதற்குப் பிறகு அவரைக் கிண்டல் செய்வது எனக்கு ஒரு உபதொழிலாகிவிட்டது. என் தம்பி சேகர் என்னைவிடக் கெட்டிக்காரன். வெளிநாடு போவதற்கு முன்னால் அவனும் ஒரு வாரம் அந்த மாடிக்குப் போய் வந்தான். வீட்டில் வடை சுட்டால் போதும். ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு, டம்ளரைக் கரண்டியால் தட்டி, முழுங்கி மாஸ்டராகவே ஆகிவிடுவான். எங்கள் அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறி, "போதும்டா, பாவம்டா அந்த மனுசன்" என்பாள்.

சேகர் மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர் மூலமாக வளைகுடாவில் ஒரு கிடங்கு வேலைக்குப் போனான். அங்கிருந்தும் வாரா வாரம் போனில் முழுங்கி மாஸ்டர் நடந்தது.

ஒருநாள் மத்தியானம் கம்பெனியில் அகல்விளக்குகளுக்கு வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். சேகரோடு ஒரே அறையில் தங்கியிருந்த ரஃபீக் போன் செய்தான்.

"அக்கா, பயப்படாதீங்க. சேகர் மேல அடுக்குலேர்ந்து விழுந்துட்டான். நெனவு இல்ல. ஆஸ்பத்திரியில சேத்திருக்குது. எங்கள உள்ள வுட மாட்றாங்க. ஆபரேஷன் பண்றதுக்கு முன்னாடி டாக்டரு வூட்டு ஆளுங்கள என்னமோ கேக்கணுமாம். உங்க நம்பரைக் குடுத்திருக்கேன். எடுத்துப் பேசுங்கக்கா."

பேசுங்கக்கா என்றால், வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான்தான் என்று அர்த்தம். அவன் வைத்த உடனே அடுத்த போன் வந்துவிட்டது.

வளைகுடாவில் எந்த ஆஸ்பத்திரியில் தடுக்கி விழுந்தாலும் ஒரு மலையாள நர்ஸ் தாங்கிப் பிடிப்பார் என்பார்கள். எங்கள் நேரம், அந்த வார்டில் அப்போது யாரும் இல்லை. பேசியது ஒரு வெள்ளைக்கார டாக்டர். அவர் வாயைத் திறந்தார். அச்சு அசல் முழுங்கி மாஸ்டர்! அதே காற்று, அதே முனகல். நடுவில் இருப்பதெல்லாம் நசுங்கி, முதலும் கடைசியும் மட்டும் படியில் தொங்கிக்கொண்டு போகிற அதே பஸ். இப்படி ஒரு இங்கிலீஷ் உலகத்தில் நிஜமாகவே இருக்கிறது என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

"ஸ்லோலி... ப்ளீஸ்" என்றேன்.

அவர் இரண்டு வார்த்தையை நிதானமாகச் சொல்லிவிட்டு மறுபடி பறந்தார். இன்னொரு தரம் கெஞ்சினேன். இன்னொரு தரம் பறந்தார். அவர் ஏதோ கேட்கிறார், அதற்குப் பதில் என்னிடம்தான் இருக்கிறது, அந்தப் பதில் இல்லாமல் என் தம்பியின் உடம்பில் கத்தி வைக்கப் போகிறார்கள். இவ்வளவும் புரிந்தது. கேள்விதான் புரியவில்லை. 'டென் மினிட்ஸ்' என்பது மட்டும் காதில் விழுந்தது. வைத்துவிட்டார்.

நான் தெருவைத் தாண்டி ஓடினேன். செருப்பு ஒன்று எங்கேயோ போய்விட்டது. மாடியில் மாஸ்டர் வாயில் போண்டாவோடு கப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், சண்டையைத் தொடர வந்திருக்கிறாள் என்று நினைத்து முறைத்தார்.

"சார், சேகர் விழுந்துட்டான். டாக்டர் பேசறது எனக்குப் புரியல. மறுபடி போன் வரப்போவுது" என்றேன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

மாஸ்டர் போண்டாவைக் குப்பைக்கூடையில் துப்பினார். வகுப்பை வெளியே போகச் சொன்னார். மேஜை இழுப்பறையைத் திறந்து, பஞ்செல்லாம் உரிந்துபோன ஒரு பழைய ஹெட்போனை எடுத்து என் போனில் சொருகினார். காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தார். போன் வந்தது.

டாக்டர் பேசினார். மாஸ்டரின் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அவருடைய வலது கால் மட்டும் எதையோ மிதிக்கிற மாதிரித் தரையை அமுக்கி அமுக்கி எடுத்தது. கண்ணைத் திறக்காமலே எனக்குச் சொன்னார்.

"தலையில உள்ள ரத்தம் கட்டியிருக்குது. தொடை எலும்பு முறிஞ்சிருக்குது. ஒடனே ஆபரேஷன். அவனுக்கு எந்த மருந்தாச்சும் ஒத்துக்காதான்னு கேக்கறாரு. சக்கரை இருக்குதா? வலிப்பு வந்திருக்குதா? முன்னாடி ஊசி போட்டு ஏதாச்சும் ஆயிருக்குதா?"

இதைத்தான் அந்த மனிதர் மூன்று தரம் கேட்டிருக்கிறார். ஆயிருக்கிறது சார், ஆயிருக்கிறது! சேகர் சின்னப் பையனாக இருந்தபோது தொண்டை வீக்கத்துக்குப் பென்சிலின் ஊசி போட்டு, முகமெல்லாம் வீங்கி மூச்சு நின்று, அவனைக் கடலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இனிமேல் அந்த ஊசி பக்கமே போகக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் மாஸ்டரிடம் கத்தினேன்.

மாஸ்டர் போனில் சொன்னார். எப்படிச் சொன்னார் என்றால், "ஈஸலர்ஜ்கப்பென்ஸ்ல்ன்" என்று சொன்னார்.

டாக்டர், "சாரி?" என்றார்.

மாஸ்டர் இன்னும் கொஞ்சம் வேகமாகச் சொன்னார்.

"சாரி?"

மூன்றாம் தரமும் அதே 'சாரி'. மாஸ்டர் கண்ணைத் திறந்தார். வருஷக்கணக்காக ஊருக்கே கற்றுக்கொடுத்த வித்தை, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு நிஜமான வெள்ளைக்காரன் காதுக்குப் போய், போன வேகத்தில் திரும்பி வருகிறது. வேறு யாராக இருந்தாலும் இன்னும் நாலு தரம் முயன்று மானத்தைக் காப்பாற்றப் பார்த்திருப்பார்கள். இவர் போனை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து பிடித்தார்.

"நீ சொல்லும்மா. உனக்கு எப்பிடி வருதோ அப்பிடியே சொல்லு. நான் கேட்டுக்கறேன்."

நான் சொன்னேன். ரேஷன் கடை க்யூ மாதிரியே சொன்னேன். "நோ... பெனிசிலின்... இன்ஜெக்ஷன். சைல்ட்... டைம். ஃபேஸ்... ஸ்வெல்லிங். நோ... ப்ரீத்திங். ப்ளீஸ்... டோன்ட்... கிவ்." எந்த இலக்கணமும் அதில் இல்லை. எழுத்து மட்டும் ஒன்றுகூடக் குறையவில்லை.

டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார். மாஸ்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "புரிஞ்சிடுச்சும்மா. எழுதிக்கறாரு."

இப்படியே அவர் கேட்க, நான் சொல்ல, எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு ஆள் இங்கிலீஷ் தேறியது. டாக்டர் வைத்த பிறகு மாஸ்டர் ஹெட்போனைக் கழற்றித் துடைத்தார். ஏதாவது அடக்கமாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"டாக்டரு நல்ல மனுசன். காதுதான் கொஞ்சம் மந்தம்" என்றார்.

ஆபரேஷன் முடிந்ததும் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். மாஸ்டர் வகுப்பைப் பூட்டிவிட்டு, ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கொடுத்த காபி அவர் முன்னால் ஆறி ஏடு கட்டியது. காத்திருக்கும் கொடுமை தாங்காமல் நான்தான் அந்தக் கால் விஷயத்தைக் கேட்டேன்.

அப்போதுதான் சொன்னார். மெட்ராஸில் ஒரு ஆபீஸில் வேலை பார்த்திருக்கிறார். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு விவரத்தைப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். இங்கே ஹெட்போனில் கேட்டு டைப் அடித்து அனுப்ப வேண்டும். ஒரு வார்த்தை புரியாவிட்டால் காலடியில் இருக்கிற பெடலை மிதிக்க வேண்டும், பேச்சு பின்னால் போய் மறுபடி வரும். மிதித்து மிதித்து அந்தக் கால் அப்படிப் பழகிவிட்டது. பிறகு கம்ப்யூட்டரே கேட்டு டைப் அடிக்கக் கற்றுக்கொண்டது. ஆபீஸை மூடிவிட்டார்கள். இவர் ஹெட்போனோடு ஊருக்கு வந்தார்.

"அவங்க அத்தினி பேர் கொரலும் எனக்குத் தெரியும்மா. யாருக்குச் சளி புடிச்சிருக்குது, யாரு வூட்டுல சண்டை, எல்லாம் தெரியும். நான் ஒருத்தர்கிட்டகூட ஒரு வார்த்தை பேசினதில்ல" என்றார். "எல்லாம் மத்தியான நேரத்துல பேசி அனுப்புவாங்க. வாயில என்னமோ வச்சிக்கினே இருக்கற மாதிரி ஒரு அழகு அந்த இங்கிலீஷுல."

அது அழகில்லை சார், மத்தியானச் சாப்பாடு. அவர்கள் ரொட்டியை மென்றுகொண்டே பேசியிருக்கிறார்கள். எங்கள் ஊர் அதை மொழி என்று நினைத்துப் போண்டாவை விழுங்கிக்கொண்டிருக்கிறது. இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அன்றைக்கு மனசு வரவில்லை, மூடிக்கொண்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் போன் அடித்தது. மாஸ்டர் ஹெட்போனை மாட்டினார். கால் தரையை ஒரு தரம் அமுக்கியது, அப்புறம் நின்றுவிட்டது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அம்மா வீறிட்டாள்.

"அய்யோ, என்னான்னு சொல்லுங்க வாத்தியாரே! எம்புள்ள இருக்கானா?"

மாஸ்டர் ஹெட்போனைக் கழற்றினார். அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தலையைத் தலையை ஆட்டினார். அது ஆமா தலையாட்டலா, இல்லை தலையாட்டலா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில்தான், "கண்ணு முழிச்சிட்டாம்மா. அம்மான்னு கூப்ட்டானாம்" என்றார்.

சேகர் தொடையில் கம்பியோடு ஊர் வந்து சேர்ந்தான். வரும்போது மாஸ்டருக்கு ஒரு நல்ல ஹெட்போன் வாங்கி வந்தான். "காதை இறுக்குது" என்று குறை சொல்லிக்கொண்டே அவர் அதைத் தலையிலிருந்து இறக்குவதில்லை. சேகர் இன்றைக்கும் வடையை வாயில் வைத்துக்கொண்டு முழுங்கி மாஸ்டர் ஆகிறான். வேறு யாராவது அப்படிச் செய்தால் மட்டும் சண்டைக்குப் போகிறான்.

வகுப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது. போண்டா மாறவில்லை. போன மாதம்கூட ஒரு பெண் இன்டர்வியூவுக்குப் போய்ப் பல் டாக்டர் விலாசத்தோடு திரும்பி வந்தாள். நான் படியேறிப் போய்ச் சண்டை போட்டேன், அவர் காது வேகாததைப் பற்றிப் பேசினார். இதற்கு நடுவில், மங்கலம்பேட்டையிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் யார் யாரோ போனைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த மாடிக்கு வருகிறார்கள். அண்ணனைத் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து காணோம், புருஷனை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், என்னமோ இங்கிலீஷில் சொல்கிறார்கள். மாஸ்டர் கப்பைத் தட்டுவதை நிறுத்திவிட்டு ஹெட்போனைச் சொருகிக் கண்ணை மூடிக்கொள்கிறார். பதில் சொல்ல வேண்டியிருந்தால் எதிர்க் கம்பெனிக்கு ஆள் அனுப்பி என்னைக் கூப்பிடுகிறார். நானும் கையிலிருக்கும் வைக்கோலைப் போட்டுவிட்டு ஓடுகிறேன்.

அவருக்கு இங்கிலீஷ் பேச வராது. வரவும் போவதில்லை. ஆனால் அவர் இந்த ஊரில் இருக்கிற வரைக்கும், வெளிநாட்டு நம்பரிலிருந்து போன் வந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.